முட்டைக்கு வயதென்ன?

வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த எரிச்சல் இது. காலையில் இட்ட முட்டையை மதியம் அவித்து உரித்தால் ஓடு தனியாக வராது. வெள்ளைக் கருவையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். உரித்து முடிக்கும்போது கையில் மிஞ்சுவது குழி குழியாகப் பாதி முட்டை. மளிகைக் கடையில் வாங்கி ஒரு வாரம் கிடந்த முட்டையோ, இரண்டு இழுப்பில் வழவழவென்று வந்துவிடும். புதிதாக இட்டதுதான் நல்ல முட்டை என்றால், அது ஏன் உரிக்கும்போது மட்டும் இப்படிப் படுத்துகிறது?

இதற்கு விடை தேடினால், நல்ல முட்டையைக் கண்டுபிடிக்க நம் வீடுகளில் வழங்கும் எல்லாச் சோதனைகளின் சூட்சுமமும் சேர்ந்தே கிடைக்கும்.

முதலில் ஓட்டைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனம், ஏறக்குறைய முழுக்க கால்சியம் கார்பனேட். பார்வைக்கு இடைவெளியே இல்லாத சுவர் போலத் தெரிந்தாலும் அதில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் இருக்கின்றன. நம்பிக்கை வராவிட்டால் ஒரு முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கி, அதன் தடித்த முனையை மட்டும் உற்றுப் பாருங்கள். பொடிப் பொடியான குமிழிகள் அந்த இடத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி வரிசையாகக் கிளம்பும். உள்ளே இருக்கும் காற்று சூடேறி, விரிந்து, துளைகள் வழியே வெளியேறுகிறது. விரிசல் இல்லாத முட்டையிலும் இது நடக்கும். ஓட்டில் துளை உண்டு என்பதற்கு இதைவிடச் சுலபமான சாட்சி வேண்டாம்.

துளைகள் இருப்பது குஞ்சு மூச்சுவிட. உள்ளே வளரும் உயிருக்குப் பிராணவாயு வந்தாக வேண்டும், அது விடும் கரியமில வாயுவும் நீராவியும் வெளியே போயாக வேண்டும். பண்ணை முட்டையில் குஞ்சு கிடையாது. அங்கே சேவலே இல்லை, முட்டை கருவுறுவதும் இல்லை. ஆனாலும் ஓட்டின் அமைப்பு மாறுவதில்லை. ஆகவே சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இட்ட நொடியிலிருந்து ஒவ்வொரு முட்டையும் இரண்டு பொருள்களை இழந்துகொண்டே இருக்கிறது. ஒன்று தண்ணீர், மற்றொன்று கரியமில வாயு. முட்டை பழசாவது என்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு கசிவுகள்தான்.

தண்ணீர்க் கசிவைப் புரிந்துகொள்வது எளிது. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அந்தச் சூட்டோடு வெளியே வரும் முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. ஓட்டின் உட்புறத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். துளைகள் அதிகமுள்ள தடித்த முனையில் அவை பிரிந்து, இடையில் கொஞ்சம் காற்றை வாங்கிக்கொள்கின்றன. இதைக் காற்றறை என்பார்கள். அவித்த முட்டையின் தலையில் தட்டையாக ஒரு பள்ளம் தெரியுமே, அதுதான். நாள் ஆக ஆக நீராவி வெளியேறும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும், காற்றறை பெரிதாகும்.

பாட்டிமார் செய்யும் தண்ணீர்ச் சோதனை இந்தக் காற்றறையைத்தான் அளக்கிறது. பாத்திரத்துத் தண்ணீரில் போட்டதும் அடியில் படுத்துக்கொண்டால் புதியது. தடித்த முனையைச் சற்றுத் தூக்கினால் சில நாளானது. செங்குத்தாக நின்றால் பழையது. மிதந்தால் மிகப் பழையது. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாக வருகிறது. 55 கிராம் எடையுள்ள புது முட்டையின் கன அளவு ஏறக்குறைய 51 மில்லி லிட்டர். ஓடு சுருங்காது, கன அளவு மாறாது. ஆக, சுமார் 4 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போனால் முட்டையின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைவிடக் குறைந்து அது மிதக்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். மிதந்தால் கெட்டுப்போனது, மூழ்கினால் நல்லது என்பது அந்த முடிவு. அடை வைத்த முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு அடியில் இருக்கும் 21 நாளில் அது 12 முதல் 14 சதவீதம் எடை இழக்கிறது. பொரியப்போகும் தறுவாயில் அதைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும், உள்ளே உயிருள்ள குஞ்சு இருக்கும். மிதப்பது வயதின் அடையாளம், அவ்வளவுதான். மூழ்குவது சுத்தத்துக்கு அத்தாட்சியும் ஆகாது. சால்மோனெல்லா கிருமி சில சமயம் கோழியின் உடலுக்குள்ளேயே முட்டைக்குள் புகுந்துவிடும். அப்படிப்பட்ட முட்டை அன்று காலை இட்டதானாலும் அடியில் சமர்த்தாகப் படுத்திருக்கும். அழுகலுக்கு மூக்கை நம்பலாம். அழுகிய முட்டையின் ஹைட்ரஜன் சல்பைடு வாடையை யாரும் தவறவிட மாட்டார்கள். அதனால்தான் முட்டையை நேராகக் குழம்புச் சட்டியில் உடைக்காமல் ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றச் சொல்வது.

தண்ணீரில் போடாமலே காற்றறையைப் பார்க்க வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சின் மேல் தடித்த முனை படும்படி முட்டையைப் பிடியுங்கள். முட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், முனையில் வட்டமாக வெளிர்ந்த பகுதி தெரியும். முன்பு மெழுகுவர்த்தியை வைத்துச் செய்த சோதனை இது. இன்று பெரிய பண்ணைகளில் முட்டைகளை உருளவிட்டு அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டில் முதல் தர முட்டையின் காற்றறை ஆழம் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அடுத்த தரத்துக்கு 5 மில்லிமீட்டர் வரை. வெள்ளை முட்டையில் இது பளிச்சென்று தெரியும். பழுப்பு முட்டையில் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கசிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ருசியிலும் பக்குவத்திலும் அதன் கைதான் ஓங்கியது. கோழியின் உடலுக்குள் இருக்கும்வரை வெள்ளைக் கருவில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கிறது. வெளிக்காற்றிலோ அந்த வாயு 0.04 சதவீதம்தான். முட்டை வெளியே வந்ததும் நடப்பது, கோலி சோடாவின் கோலியைத் தட்டிவிட்டது போன்ற சங்கதி. வித்தியாசம், சோடா பொங்கி வழிந்துவிடும், முட்டை நுண்துளை வழியே சத்தமில்லாமல் நாள் கணக்கில் வாயுவை இழக்கும். புது முட்டையை உடைத்தால் வெள்ளைக் கரு லேசாகக் கலங்கி, பால் கலந்தாற்போல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் கெட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். கரைந்த வாயு இன்னும் போகவில்லை என்பதற்கான அடையாளம் அது. பழைய முட்டையின் வெள்ளைக் கருதான் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும்.

கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் மெல்லிய அமிலமாகும். அது வெளியேறினால் மிஞ்சிய நீர்மம் அமிலத்துக்கு எதிர்த் திசையில், காரத்தன்மையை நோக்கி நகரும். இதை அளக்கும் பிஹெச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை, ஒரு எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். இட்ட உடனே வெள்ளைக் கரு 7.6 அளவில் இருக்கும். சில நாளில் 9.2-ஐத் தொட்டுவிடும், அதாவது ஏறத்தாழ 40 மடங்கு. சமையல் சோடாக் கரைசலைவிட இது அதிகம். இயற்கையாகவே இவ்வளவு காரத்தன்மை கொண்ட உணவு நம் சமையலறையில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

இந்த மாற்றத்தின் விளைவைத் தட்டையான தட்டில் முட்டையை உடைத்தால் பார்க்கலாம். புது முட்டையில் மஞ்சள் கரு குவிந்து நிற்கும். அதைச் சுற்றிக் கூழாகத் திரண்ட வெள்ளைக் கரு, அதற்கும் வெளியே கொஞ்சம் நீர்த்த பகுதி. மஞ்சள் கருவின் இருபுறமும் வெள்ளையாக ஒரு முறுக்குக் கயிறு தெரியும். மஞ்சள் கருவை நடுவில் கட்டிப்போடுவது அதன் வேலை. அதைக் குஞ்சின் ஆரம்பம் என்று நினைத்துக் கரண்டியால் வழித்து எறிபவர்கள் உண்டு, தேவையில்லை. நாளானால் கூழைத் திரளவைக்கும் புரதத்தின் பிடி காரத்தன்மையில் தளர்ந்து, வெள்ளைக் கரு தட்டெங்கும் ஓடும். வெள்ளைக் கருவின் தண்ணீர் மஞ்சள் கருவுக்குள் ஊறி அது உப்பும், அதன் சவ்வு வலுவிழக்கும், தொட்டாலே உடையும். கயிறும் தளர்வதால் மஞ்சள் கரு மேலே நகர்ந்துவிடும். பிரியாணிக்கு வைத்த முட்டையை இரண்டாக வெட்டும்போது மஞ்சள் கரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அது வெகுநாள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்த முட்டை என்று ஊகிக்கலாம்.

இந்தத் தளர்ச்சியை எண்ணாக்கியவர் அமெரிக்கரான ரேமண்ட் ஹா. 1937-ல் அவர் சொன்ன யோசனை எளியது. முட்டையை எடை போட்டு, கண்ணாடிப் பரப்பில் உடைத்து, கெட்டி வெள்ளைக் கருவின் உயரத்தை நுண்ணளவியால் அளக்க வேண்டும். பெரிய முட்டையில் இயல்பாகவே உயரம் கூடுதல் என்பதால் எடைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். கிடைக்கும் எண்ணுக்கு இன்று ஹா அலகு என்று பெயர். 72-ஐத் தாண்டினால் அமெரிக்காவில் உச்சத் தரம். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கோழியியல் ஆய்வகங்களில் இதே அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது உரிக்கும் புதிருக்கு வருவோம். காரத்தன்மை குறைந்த புது வெள்ளைக் கரு, வேகும்போது ஓட்டின் உட்புறச் சவ்வை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிஹெச் 9-ஐ நெருங்கிவிட்டால் அந்தப் பற்று விட்டுப்போகிறது, சவ்வும் ஓடும் சேர்ந்து கழல்கின்றன. சரி, காரணம் வாயு இழப்புதான், வெறும் வயது அல்ல என்று எப்படித் தெரியும்? முட்டைக்கு மேல் மெல்லிதாக எண்ணெய் பூசித் துளைகளை அடைத்துப் பார்த்தார்கள். வாயு வெளியேறவில்லை, வெள்ளைக் கரு நீர்க்கவில்லை, நாள் பல கடந்தும் அந்த முட்டைகள் புது முட்டை போலவே உரிக்க முரண்டு பிடித்தன. குளிர்பெட்டி வருவதற்கு முந்திய ஐரோப்பாவில் முட்டையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மாதக் கணக்கில் காத்ததற்குப் பின்னும் இந்தத் துளையடைப்புத் தந்திரமே இருந்தது.

அன்றைய முட்டைதான் கையில் இருக்கிறது, அவித்தே ஆக வேண்டும் என்றால் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றாதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் மெதுவாக இறக்குங்கள், அல்லது இட்லிக் கொப்பரையில் ஆவியில் வையுங்கள். சட்டென்று சூடு படும்போது வெள்ளைக் கரு சவ்வைப் பற்றுவதற்கு முன்பே இறுகிவிடுகிறது. சத்துணவுக் கூடத்தில் நூற்றுக்கணக்கில் உரிக்க வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் தள்ளிய முட்டையே உத்தமம்.

முட்டையின் வயதை நாட்களால் மட்டும் கணக்கிட முடியாது என்பதுதான் இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைப்பது. ஆவியாதலும் வாயு இழப்பும் சூட்டில் விரையும், குளிரில் தாமதிக்கும். அறை வெப்பத்தில் ஒரு நாளில் இழக்கும் தரத்தை ஃப்ரிட்ஜில் இழக்கப் பல நாளாகும். சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கிய அட்டையில் மூன்று நாள் இருந்த முட்டை, ஃப்ரிட்ஜில் பத்து நாள் இருந்ததைவிடக் கிழடாக இருக்க வாய்ப்புண்டு. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கருவுற்ற முட்டையில் 20, 21 டிகிரிக்கு மேலேயே வளர்ச்சி மெல்லத் தொடங்கிவிடும். நம் ஊர்க் கோடையில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. கிராமத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த முட்டையை மேசையில் ஒரு வாரம் வைத்து உடைத்தால் ரத்த இழை தென்படுவது இதனால்தான். பண்ணை முட்டையில் எப்போதாவது காணப்படும் சிறு ரத்தப்புள்ளி வேறு. கோழியின் சூலகத்தில் ஒரு நுண்குழாய் வெடித்து விழுந்த துளி அது, எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

வாங்கி வந்ததும் கழுவி வைப்பது சுத்தமான பழக்கம் போலத் தோன்றும். ஆனால் கோழி முட்டையிடும்போது ஓட்டின் மேல் ஒரு புரதப் பூச்சைத் தடவி அனுப்புகிறது. துளைகளின் வாயை மூடுவது அதுதான், கழுவினால் போய்விடும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரைத் துளை வழியே உள்ளே இழுக்கவும் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் தர முட்டையைக் கழுவி விற்கக் கூடாது. அமெரிக்காவில் கழுவியே ஆக வேண்டும், கழுவியபின் கடை வரை குளிரில் வைத்தே ஆக வேண்டும். இரண்டுமே தர்க்கம் உள்ள வழிதான். கழுவிவிட்டு வெளியில் வைப்பதுதான் இரண்டிலும் சேராத வழி. எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவுவதைச் சமைக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் கூர்முனை கீழே இருக்கும்படி, அடிக்கடி திறக்கும் கதவில் இல்லாமல் உள் தட்டில் வையுங்கள். எடுத்து வெளியில் வைத்து வியர்க்கவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பது வேண்டாம்.

பூச்சைத் தாண்டி வரும் கிருமிக்கு வெள்ளைக் கருவுக்குள்ளேயே காவல் இருக்கிறது. 1922-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங், பெனிசிலினுக்கு முன்பே, பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியை மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் கண்டறிந்து சொன்னார். அது ஏராளமாக இருக்கும் இடம் கோழி முட்டையின் வெள்ளைக் கரு என்பதும் தெரியவந்தது. மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்ததால் ஆய்வாளர்களுக்கு அது செல்லப்பிள்ளை ஆயிற்று. 1965-ல் எக்ஸ் கதிர் மூலம் முழு வடிவமும் வெளிப்பட்ட முதல் நொதி, முட்டையிலிருந்து எடுத்த இந்த லைசோசைம்தான்.

இனி நிறம். ஓட்டின் வெண்மையும் பழுப்பும் கோழி இனத்தைப் பொறுத்தது. நாமக்கல் பண்ணைகளில் பெருவாரியாக இருக்கும் லெகார்ன் வழிக் கோழிகள் வெள்ளை முட்டை இடுகின்றன. பழுப்பு என்பது முட்டை வெளிவரும் முன் கடைசி மணி நேரங்களில் ஓட்டின் மேல் படியும் ஒரு நிறமி. சத்திலும் புதுமையிலும் அதற்குப் பங்கில்லை. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்பதாக அவ்வப்போது புகார்கள் வரும். அந்த மோசடி நிறத்துக்குப் பணம் கொடுப்பவர்களை நம்பித்தான் பிழைக்கிறது. மஞ்சள் கருவின் நிறமோ தீவனம். மக்காச்சோளமும் கீரையும் தின்றால் அடர்மஞ்சள், வெள்ளைத் தானியம் தின்றால் வெளிர்மஞ்சள். செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த நிறமியைத் தீவனத்தில் கலந்தால் வேண்டிய நிறத்தை வரவழைக்கலாம். பண்ணையாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க 1 முதல் 15 வரை எண்ணிட்ட மஞ்சள் விசிறி அட்டையே உண்டு.

நல்ல முட்டை கிடைத்துவிட்டது, எதற்குச் செலவழிப்பது? வட்டம் குலையாத ஆஃப் பாயிலுக்கும் கலக்கிக்கும் இருப்பதிலேயே புதியதை எடுங்கள். கொங்குப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் கலக்கி போடுபவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? சால்னாவோடு கலக்கிய முட்டை கல்லில் விழுந்து, ஓரம் மட்டும் வெளுத்து, நடு இன்னும் தளும்பும்போதே சுருட்டி எடுத்துவிடுவார். அந்தச் சில விநாடிகளுக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. வெள்ளைக் கருவின் புரதங்களில் ஒன்று 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகும், மஞ்சள் கரு 65-லிருந்து 70-க்குள், வெள்ளைக் கருவில் பாதிக்கு மேல் உள்ள முக்கியப் புரதமோ 80-ஐ ஒட்டித்தான். முதலாவது இறுகி, கடைசியானது இறுகாத இடைவெளியில் முட்டையை எடுப்பதுதான் கலக்கி. அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதாமல் போகலாம் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது வேண்டாம், நன்றாக வெந்ததே நல்லது.

ஆம்லெட்டுக்கும் பொடிமாசுக்கும் நடுத்தர வயது போதும். குழம்புக்கு அவிப்பதற்கு ஒரு வாரத்து முட்டை. அதையும் கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்த இரும்பு சல்பைடு அது, கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அழகில்லை. பழைய முட்டையில், காரத்தன்மை மிகுதியால், வளையம் சீக்கிரமே வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தவிர்க்கலாம்.

நாமக்கல் முட்டைக் கொள்முதல் விலை பைசா சுத்தமாக நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. ஆனால் தெருக்கடையில் உதிரியாக வாங்கும் முட்டையில் இட்ட தேதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் அது வந்த பண்ணையின் எண் அச்சிட்டிருக்கும், பெட்டியில் எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்றும் இருக்கும். நாம் அதுவரை போக வேண்டாம், 30 முட்டை அட்டையின் மேல் ஒரு தேதிச் சீட்டு ஒட்டினாலே போதும். அது வரும்வரை கடைக்காரரிடம் “என்றைக்கு வந்த லோடு?” என்று கேளுங்கள், வெயில் படாத அட்டையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.